ஒரு வாளிக் கல் எவ்வளவு கனம்?

பழைய ஒலிநாடாக்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. நடுவில் அம்மா வீட்டுப் பின்கட்டும் கொஞ்சம் ஜல்லிக் கல்லும் குறுக்கே வந்துவிட்டன.

அம்மா மாசாயில் தனியாக இருக்கிறார். வரிசை வீடு. பின்கட்டில் துணி துவைக்கிற இடம், காயப்போடுகிற இடம், கறிவேப்பிலைச் செடி, எல்லாமே அங்கேதான். அந்தத் தரை அப்பா காலத்தில் போட்டது. விரிசல் விட்டு, ஒரு பக்கம் இறங்கி, மழை பெய்தால் பாசி பிடித்து வழுக்கும். மூன்று மாதங்களுக்கு முன்னால் துணி வாளியோடு வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் பின்கதவுக்கு வெளியே கால் வைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். அதைப் பார்த்த அன்றுதான் தரையை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

மேலே லேசாகச் சிமெண்டு பூசினால் போதும் என்றார் அம்மா. பிளந்தோங்கிலிருந்து மாமா வந்து பார்த்தார். குதிகாலால் இரண்டு இடத்தில் தட்டிக் கேட்டுவிட்டு, "பூச்சு நிக்காதுக்கா. கீழ எல்லாம் காலியா இருக்கு. உடைச்சு எடுத்துட்டுப் புதுசாத்தான் போடணும். நானே போடுறேன்" என்றார்.

மாமாவுக்கு வயது அறுபத்தாறு. முப்பது வருடம் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கான்கிரீட் வேலை செய்தவர். முட்டி தேய்ந்து வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கண்ணாலேயே தடுத்துவிட்டார். தம்பி தன் கையால் போடுகிற தரை என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

தரை ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், பத்து செண்டிமீட்டர் கனம். பெருக்கினால் 1.8 கன மீட்டர் கான்கிரீட். மாமா காகிதம் எடுக்காமல் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முக்கால் இன்ச் கல்லு ஒன்னு புள்ளி ஆறு, மணல் புள்ளி எட்டு, சிமெண்டு பன்னெண்டு மூட்டை. கடையில சொல்லிடு பாப்பா." எனக்கு முப்பத்து நான்கு வயது. மாமாவுக்கு இன்னும் பாப்பாதான்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்த வாரக் கதை. எனக்குக் காலை நிகழ்ச்சி. விடியற்காலையிலேயே பாலத்தைக் கடந்தாக வேண்டும். உட்லண்ட்ஸ் குடிநுழைவு வரிசையில் நின்றபடி கட்டுமானப் பொருள் கடைக்குப் புலனத்தில் தட்டினேன்: கல் 1.6, மணல் 0.8, சிமெண்டு 12. பின்னால் எந்த அளவும் போடவில்லை. கடைக்காரர் மலாயில் திருப்பிக் கேட்டார்: "பத்து 1.6 தான், பாசிர் 0.8 தான், போலே?" மலாயில் 'தான்' என்றால் டன். வாசித்தேனா என்றால், வாசித்தேன். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன். மாமா சொன்னது டன் அல்ல, கன மீட்டர்.

ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள் நான். ஒரு சொல்லை விட்டால் பொருளே மாறிவிடும் என்று பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள்.

கான்கிரீட் போட்டது ஞாயிற்றுக்கிழமை. ஜொகூரில் முன்பு வெள்ளி, சனி ஓய்வாக இருந்து, 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு என்று மாறியிருக்கிறது அல்லவா, அதனால் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரும் உதவிக்குக் கிடைத்தார்கள். பழைய தரையை முதல் நாளே உடைத்து அள்ளியாகிவிட்டது. கீழே கல் பரப்பித் திமிசு போட்டு இறுக்கி, பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் பி.ஆர்.சி. கம்பி வலை. வாடகைக்கு ஒரு சின்ன மிக்சர். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். அம்மா தேநீர் போட்டபடி இருந்தார். மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வாளிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முட்டியை மறந்து நடுநடுவே எழுந்துபோய் மட்டப்பலகையைத் தானே பிடித்தார்.

பதினொன்றரை மணிக்குக் கல் தீர்ந்துவிட்டது.

தரை நாலு மீட்டர் வந்திருந்தது. இன்னும் இரண்டு மீட்டர் பாக்கி. சிமெண்டு நாலு மூட்டைக்கு மேல் மிச்சம். கல்லும் இல்லை, மணலும் இல்லை. கடைக்கு ஞாயிறு விடுமுறை. பையன்களில் ஒருவன், "உடைச்ச பழைய கல்லையே உள்ள போட்டு நிரப்பிடலாமா, அங்கிள்?" என்று கேட்டான். இன்னொருவன் போட்டதையே இழுத்துக் கனத்தைக் குறைத்து முழுதும் பரப்பிவிடலாம் என்றான். மாமா இரண்டுக்கும் தலையாட்டவில்லை. ஒரு பலகையைக் குறுக்கே நிறுத்தி ஆணி அடித்து, கான்கிரீட்டின் ஓரத்தைச் செங்குத்தாக முடித்தார். கம்பி வலையை அதற்கு அப்பால் நீட்டியபடியே விட்டார். இழுத்துச் சரிவாக விட்டிருந்தால் அந்த மெல்லிய ஓரம் உதிர்ந்துபோகுமாம். ஓரம் நேராக இருந்தால், அடுத்த வாரம் கம்பித் தூரிகையால் சுரண்டி, நனைத்து, சிமெண்டுப் பால் தடவிப் புதியதைச் சேர்த்துவிடலாமாம்.

வேலை நின்றது பெரிய விஷயமில்லை. மாமா பலகையைப் பார்த்தபடியே நின்றார். பிறகு அம்மாவிடம், "கணக்குத் தப்பிடுச்சுக்கா. வயசாயிடுச்சு" என்றார். அம்மா, "அதுக்கென்ன தம்பி, அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்று தேநீரைக் கொடுத்தார். பையன்கள் கருவிகளைக் கழுவ ஆரம்பித்தார்கள். எனக்கு அதுவரை என் தப்பு தெரியாது. மாமாவின் கணக்கில்தான் எங்கோ பிசகு என்று நானும் நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை விடியற்காலை. பாலத்தில் பேருந்து நகரவில்லை. பொழுது போகாமல் கடைக்காரரின் புலனச் செய்தியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'தான்' என்ற அந்தச் சொல் கண்ணில் குத்தியது. கைத்தொலைபேசிக் கணிப்பானில் இப்படியும் அப்படியுமாகத் தட்டிப் பார்த்தேன். 1.6 டன் கல் என்றால் ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல்தான் வருகிறது. தேவைப்பட்டதில் மூன்றில் இரண்டு பங்கு. தரை நின்றதும் அங்கேதான்.

அப்போது நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழேயே அதே கணக்குக் கிடந்தது. நாம் பாலம் பாலம் என்று சொல்கிற இது பாலமே அல்ல, கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய கரை. 1919இல் வேலை தொடங்கி, 1920 ஏப்ரலில் அடிக்கல் விழா நடந்து, 1924 ஜூன் 28ஆம் நாள் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 1,056 மீட்டர் நீளம். புலாவ் ஊபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டிய கிரானைட் கல் சுமார் 15 இலட்சம் கன கஜம் இதற்குள் போயிருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை வெடி வைத்து ஒரு துண்டைத் தகர்த்ததும் இதே கல்லைத்தான்.

15 இலட்சம் கன கஜம் என்பது ஏறத்தாழ 11.5 இலட்சம் கன மீட்டர். எத்தனை டன்? இங்கேதான் சிக்கல். அந்த அளவு குன்றிலே முழுப் பாறையாக இருந்தபோது எடுத்தது என்றால் 30 இலட்சம் டன். உடைத்துக் குவித்த பிறகு எடுத்தது என்றால் 17 இலட்சம் டன். எண் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான், ஆனால் இரண்டு விடைக்கும் நடுவே 13 இலட்சம் டன் போய்விடுகிறது. என் 1.6 அதற்குப் பக்கத்தில் தூசு. ஆனால் அந்தத் தூசுக்காக ஒரு மனிதர் தனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திங்கட்கிழமை முழுதும் நிகழ்ச்சி, கூட்டம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மாலை அம்மா வீட்டுக்குப் போனபோது மாமா பின்கட்டில் குந்தி உட்கார்ந்திருந்தார். முட்டி வலிக்கிறவர் குந்தக் கூடாது. கையில் அளவு நாடா. முடித்த ஓரத்தில் தரையின் கனத்தை நாலைந்து இடத்தில் அளந்துகொண்டிருந்தார். "பத்து செண்டிதான் இருக்கு. கூடப் போடலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருடைய பழைய குறிப்பேடு திறந்து கிடந்தது. கணக்கை நாலு முறை போட்டுப் பார்த்திருக்கிறார். நாலு முறையும் 1.6தான் வந்திருக்கிறது.

சொல்லிவிட்டேன். தொலைபேசியையும் காட்டினேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். திட்டவில்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார். அப்புறம், "நாலு ராத்திரியா தூக்கமில்ல பாப்பா" என்றார். ஞாயிறு, திங்கள் என்று இரண்டே ராத்திரிதான் ஆகியிருந்தது. நான் திருத்தவில்லை.

அம்மாதான் திட்டினார். அதை இங்கே அச்சடிக்க முடியாது.

அதன் பிறகு மாமா எனக்கு ஒரு பாடம் எடுத்தார். ஒரு மணி நேரம். பின்கட்டில் சிதறிக் கிடந்த கல்லைக் கூட்டி அள்ளி ஒரு பத்து லிட்டர் வாளியில் தலை தட்ட நிரப்பினார். தலை தட்டுவது என்று சொன்னால் பழைய ஆட்களுக்குப் புரியும். படியால் அரிசி அளக்கும்போது கூம்பாகக் குவித்து அளப்பது ஒன்று, மேலே வழித்துவிட்டு அளப்பது ஒன்று. கடன் கொடுக்கும்போது ஒரு விதம், திருப்பி வாங்கும்போது ஒரு விதம் என்று ஊரில் சண்டை வருமாம். கல்லுக்குத் தலை தட்டுவதுதான் கணக்கு.

பழைய பொருள் வாங்குகிறவரிடம் இருப்பது போன்ற கொக்கித் தராசு ஒன்று மாமாவிடம் உண்டு. வாளியின் கனத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கல் பதினைந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதே வாளியில் தண்ணீர் பத்து கிலோ. "தண்ணி ஒன்னுன்னா கல்லு ஒன்னரை. இத மட்டும் ஞாபகம் வச்சிக்க" என்றார். மாமா 'அடர்த்தி' என்ற சொல்லைக் கடைசிவரை பயன்படுத்தவில்லை. நான்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு கன மீட்டர் ஜல்லி சுமார் 1,500 கிலோ. அவ்வளவுதான் விஷயம். 1.6 கன மீட்டர் வேண்டும் என்றால் 2.4 டன் கேட்டிருக்க வேண்டும்.

"கிரானைட் பாறை தண்ணியப் போல ரெண்டரை மடங்குக்கும் மேல கனமாச்சே மாமா, கல்லு மட்டும் எப்படி ஒன்னரை?" என்று கேட்டேன். திங்கட்கிழமை பேருந்தில் படித்துவைத்த பெருமை. மாமா பதில் சொல்லாமல், அளந்து வைத்த தண்ணீரைக் கல் நிரம்பிய வாளிக்குள் மெல்ல ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். விளிம்பு வரை நிரம்பிய கல்வாளி நாலரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டது. பத்து லிட்டர் கல் என்று நாம் நினைத்ததில் கல் ஐந்தரை லிட்டர்தான். மீதி காற்று. ஒரு லோரி கல்லுக்கு நாம் பணம் கொடுக்கும்போது கொள்ளளவில் ஏறக்குறைய பாதி காற்றுக்குத்தான் கொடுக்கிறோம்.

இன்னொரு வாளியில் கல்லைப் போட்டு, கம்பியால் குத்தி, தரையில் தட்டித் தட்டி இறுக்கினார். இப்போது பதினாறு கிலோ. லோரியில் கல் ஏற்றிக் குலுங்கிக் குலுங்கி வருகிறபோது இப்படித்தான் இறங்கிவிடும். கல் உலையில் தலை தட்ட ஏற்றிய லோரி உங்கள் வாசலுக்கு வரும்போது ஒரு சாண் குறைந்திருந்தால் ஓட்டுநரைச் சந்தேகப்படாதீர்கள் என்றார் மாமா. அதனால்தான் டன்னில் விற்பது நியாயம். எவ்வளவு குலுங்கினாலும் எடை குறையாது. தமிழ்நாட்டில் ஜல்லியை யூனிட் கணக்கில் வாங்குகிறார்கள், இலங்கையில் கியூப் என்கிறார்கள். இரண்டுமே நூறு கன அடி, நம் கணக்கில் 2.83 கன மீட்டர், நாலு டன்னுக்குச் சற்று மேல். அங்கிருந்து வந்த உறவினர் யாராவது உங்கள் வீட்டு வேலைக்கு யோசனை சொன்னால் முதலில் அவர் எதில் பேசுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இது வானொலியை ஞாபகப்படுத்தியது. எழுதிக் கொடுப்பவர்கள் பக்கக் கணக்கில் கொடுப்பார்கள். எங்களுக்கு வேண்டியது விநாடிக் கணக்கு. ஒரே ஒரு பக்கம், ஒருவர் எழுதினால் இரண்டு நிமிடம், தொடர்ந்து நீளச் சொல்லாகப் போடுகிற இன்னொருவர் எழுதினால் மூன்றரை நிமிடம். அமைச்சு அறிக்கைகள் இரண்டாம் வகை. தட்டி இறுக்கிய கல்.

சரி, அந்தக் காற்றுக்கு என்ன ஆகிறது? மணலுக்கு வேலையே அதுதான். ஒரு டப்பா நிறையக் கொண்டைக்கடலையைப் போட்டு, அதன் மேல் ரவையைக் கொட்டிக் குலுக்கிப் பாருங்கள். டப்பா நிரம்பிய பிறகும் ரவை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கல்லின் இடுக்கை மணல் அடைக்கிறது, மணலின் இடுக்கைச் சிமெண்டுக் குழம்பு அடைக்கிறது. அதனால் ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு கல் என்று ஏழு பங்கு போட்டால் ஏழு பங்கு கான்கிரீட் வராது. நாலரைப் பங்குதான் வரும். திருப்பிச் சொன்னால், வேண்டிய கான்கிரீட்டை 1.54ஆல் பெருக்கினால்தான் வாங்க வேண்டிய உலர்ந்த பொருளின் அளவு கிடைக்கும். எங்கள் 1.8 கன மீட்டருக்கு 2.77. அதை ஏழாகப் பிரித்து நாலு பங்கு எடுத்தால் கல் 1.58. மாமா கூரையைப் பார்த்துச் சொன்ன 1.6 அதுதான்.

அவர் இப்படிப் பெருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு மூட்டைக் கணக்கு. ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று முப்பத்தைந்து லிட்டர். அதற்கு மணல் ஏழு வாளி, கல் பதினாலு வாளி. ஒரு மூட்டையில் எவ்வளவு தரை வரும் என்று கைக்குத் தெரியும். பன்னிரண்டு மூட்டைக்குச் சற்றுக் குறைவு என்று தோன்றியதும் மற்றது தானாக வந்துவிட்டது. நான் கணிப்பானில் சரிபார்த்தேன். புள்ளிக்குப் பிறகும் சரியாக இருந்தது.

பாடம் இன்னும் முடியவில்லை. என் தப்பே இல்லாவிட்டாலும் மணல் குறைந்திருக்கலாம் என்றார் மாமா. ஜேபி மழை உங்களுக்குத் தெரியும். கடை முற்றத்தில் திறந்து கிடக்கிற மணல் எப்போதும் ஈரம். ஈர மணல் உப்பிக்கொள்ளும். ஒவ்வொரு மணலையும் சுற்றி நிற்கிற நீர்ப்படலம் ஒன்றையொன்று தள்ளி வைப்பதால், கொஞ்சம் நனைந்த மணல் உலர்ந்த மணலைவிட நாலில் ஒரு பங்கு கூடுதலாக இடம் பிடிக்கும். வாளி நிறைந்ததுபோல் இருக்கும், மணல் குறைவாக இருக்கும். இதையும் காட்டினார். ஈர மணலை வாளியில் நிரப்பி, அது முழுக நீரை ஊற்றினார். மணல் கண் முன்னாலேயே இரண்டு விரற்கடை இறங்கியது. முழுதும் மூழ்கிவிட்டால் படலம் உடைந்துவிடுமாம், பழையபடி உலர்ந்த அளவுக்கு வந்துவிடுமாம். முக்கால் வாழ்க்கை கடற்கரைகளில் சுற்றியிருக்கிறேன், இது தெரியாது.

அதனால் மழை பெய்த மறுநாள் ஏழு வாளி மணலுக்குப் பதில் ஒன்பது வாளி போடுவார். கூடவே தண்ணீரையும் குறைப்பார். அந்த மணல் நூறு கிலோ என்றால் அதில் ஐந்து லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. ஒரு மூட்டைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து லிட்டர் சின்ன விஷயமா? அதைக் கழிக்காமல் ஊற்றினால் கலவை இளகி வேலை சுலபமாகும், காய்ந்த பிறகு மேலே மாவாக உதிரும். அப்பா காலத்துத் தரை அப்படித்தான் போனது என்பது மாமாவின் முடிவு. அம்மா எதிரில் அதை மெதுவாகத்தான் சொன்னார்.

பெரிய ஆலைகள் இந்த வாளித் தொல்லையை வைத்துக்கொள்வதில்லை. உருளை சுழன்றபடி போகிற கான்கிரீட் லோரிகளைப் புக்கிட் சகார் பக்கம் ஆர்டிஎஸ் ரயில் வேலை நடக்கும்போது எத்தனை பார்த்திருப்போம். அவற்றுக்குக் கல், மணல், சிமெண்டு எல்லாமே எடை போட்டுத்தான் விழுகிறது. மணலின் ஈரத்தை அளந்து தண்ணீரில் கழிக்கிறார்கள். முடிந்த கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. கல்லை மாற்றினால் கான்கிரீட்டின் கனமும் மாறும். ரோமில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிற பாந்தியன் கோயிலின் குவிமாடத்தில் கீழே கனமான கல்லும், மேலே போகப் போக லேசான கல்லும், உச்சியில் எரிமலை நுரைக்கல்லுமாகப் போட்டிருக்கிறார்கள். 43 மீட்டர் அகலத்துக்கு உள்ளே கம்பி இல்லாமல் நிற்கிறது. ஊடுகதிர் அறைகளுக்கு நேர்மாறாகக் கனமான பேரைட் கல்லைப் போட்டுச் சுவர் எழுப்புவார்கள். கல் என்றால் எல்லாம் கல்தானே என்று இருந்தவள் நான்.

அக்கரையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். மலேசியா 1997இல் கடல் மணல் ஏற்றுமதியை நிறுத்தியது. 2007இல் இந்தோனேசியாவும் மணலை நிறுத்தியது, கிரானைட் ஏற்றிய படகுகளும் பிடிபட்டன. சிங்கப்பூரில் கான்கிரீட் விலை எகிறி, அரசாங்கம் சேர்த்து வைத்திருந்த கையிருப்பிலிருந்து மணலை வெளியே எடுத்துக் கொடுத்தது. மாமா அப்போது அங்கே ஒரு வேலைத்தளத்தில் இருந்தார். கல்லைச் சிந்தினால் மேற்பார்வையாளர் அரிசி சிந்தினதைப் போலக் கத்துவாராம்.

பாக்கி இரண்டு மீட்டருக்கு இந்த முறை நான் கடைக்கு நேரில் போனேன். தேவை முக்கால் டன் கல்லும் நானூறு கிலோவுக்குள் மணலும். சிந்துவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட வைக்க வேண்டும் என்பதாலும், சில்லறையாகக் கொடுக்கக் கடைக்காரருக்கு விருப்பம் இல்லை என்பதாலும், ஒரு டன் கல், அரை டன் மணல். 'டன்' என்று மூன்று முறை சொன்னேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மிச்சச் சிமெண்டை மாமா பிளாஸ்டிக்கில் சுற்றிப் பலகை மேல் ஏற்றி வைத்திருந்தார். நம் ஊர்க் காற்றுக்கு ஒரு வாரம் தரையில் கிடந்தால் கட்டியாகிவிடும்.

போன ஞாயிறு காலை ஓரத்தைச் சுரண்டி, நனைத்து, மாமா வாளிக் கணக்குச் சொல்லச் சொல்ல நானும் கல் அள்ளினேன். கை இன்னும் வலிக்கிறது. ஒலிவாங்கியைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழக்கமில்லை. ஆரம்பிக்கும் முன்பே, "முடிஞ்சதும் கல்லு பதினஞ்சு வாளி மிஞ்சும் பாரு" என்றார் மாமா. ஒன்பதரை மணிக்குத் தரை சுவரைத் தொட்டது. பையன்கள் மட்டப்பலகையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே நான் மிச்சக் கல்லை அள்ளி எண்ண ஆரம்பித்தேன்.

பதினாலு வாளி. பதினைந்தாவது பாதிதான் நிறைந்தது.

"அரை வாளி எங்க போச்சு?" என்று மாமா என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பையன்தான் வாசல் குழிக்கு நாலு கை அள்ளிப் போட்டதாக ஒப்புக்கொண்டான். மாமா குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். மிஞ்சிய கல்லை அம்மா கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிப் பரப்பச் சொன்னார். புதுத் தரையில் ஏழு நாள் தண்ணீர் விட்டு ஈரச் சாக்குப் போட்டு வைக்க வேண்டும், அதுவரை யாரும் பொதி எதுவும் ஏற்றக் கூடாது என்பது மாமாவின் கட்டளை. இதை எழுதுகிற இன்று நாலாம் நாள். அம்மா காலையும் மாலையும் கதவருகில் நின்று குழாயால் தண்ணீர் பீய்ச்சுகிறார். சுவரை இன்னும் பிடித்துக்கொள்கிறார்தான்.